கதவுக்கு இரண்டு வேலை

வீட்டுக் கதவுக்கு நம்மவர்கள் கொடுத்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. நிலை வைப்பதற்கு நாள் பார்ப்பார்கள், மஞ்சள் பூசுவார்கள், மாவிலை கட்டுவார்கள், வெள்ளிக்கிழமை தோறும் வாசற்படிக்குக் குங்குமம் உண்டு. மோட்டார்க் கதவுக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது. ஆயுத பூஜை அன்றுகூடச் சந்தனமும் குங்குமமும் முன்பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்ச் சேருகின்றன. எலுமிச்சம்பழம் சக்கரத்துக்குப் போகிறது. கதவுக்கு நாம் தருவதெல்லாம் ஓர் அறைதான். 'படார்' என்று சாத்துவோம். சரியாகச் சாத்தவில்லையா, இன்னொரு தரம், இன்னும் பலமாக.

அம்பாஸிடர் காரில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் டிரைவர் திரும்பிப் பார்த்து, "பின்கதவு சரியாச் சாத்தலீங்க. இன்னொரு வாட்டி இழுத்துச் சாத்துங்க" என்பார். இழுத்துச் சாத்தியபின் அதைத் திறப்பது இறங்கும் இடத்தில் காத்திருக்கும் வேறொரு சோதனை. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்ப, வெளியே நிற்பவர் இழுக்க, மாமா ஒருவர் தோளால் ஒரு தள்ளுத் தள்ள, கதவு மனம் இரங்கித் திறக்கும். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்ற பெயரில் பிறந்த அந்த வண்டி, வங்காளத்து உத்தர்பாராவில் 1957-ல் ஆரம்பித்து 2014 வரையில் தயாராகி வந்தது. அத்தனை காலமும் அதன் கதவு நம்மை இந்த இரண்டு விதத்திலும் படுத்தியது: சாத்தினால் சாத்தாது, திறந்தால் திறக்காது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் போலத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது. காரின் கதவுக்கு இரண்டு வேலை. திறக்கக் கூடாத சமயத்தில் அது திறக்கக் கூடாது; திறக்க வேண்டிய சமயத்தில் திறந்தே ஆக வேண்டும். ஒன்றுக்கொன்று விரோதமான இந்த இரண்டு கடமைகளையும் ஒரே கொண்டியிடம் ஒப்படைத்திருக்கிறோம். அந்தக் கொண்டி எப்படி இருக்க வேண்டும், அது சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்க வேண்டும் என்பதை உலகம் கற்றுக்கொள்ள முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கற்றதற்குக் கொடுத்த சம்பளம் மனித உயிர்.

முதலில் காரில் கதவே இல்லை. 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஆசனம் உண்டு, கதவு கிடையாது. ஏறி உட்கார வேண்டியதுதான். அமெரிக்காவில் ஹென்றி போர்டு லட்சக்கணக்கில் தயாரித்த 'மாடல் டி' திறந்த காரில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டுகிறவர் பக்கத்தில், தகட்டில் கதவு மாதிரி ஒரு கோடு மட்டும் பல வருஷ காலம் அச்சடித்து வைத்திருந்தார்கள். அது திறக்காது. அந்தப் பக்கம் கைப் பிரேக் இருந்ததால் திறந்தும் பயனில்லை. ஓட்டுபவர் மறுபக்கத்தால் ஏறி நகர்ந்து வந்து உட்கார வேண்டும். பொய்க் கதவு! ஆனாலும் அதனால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. மெய்யான கதவு வந்த பிறகுதான் ஆபத்தும் வந்தது.

1920-களில் கூரையும் ஜன்னலும் உள்ள மூடிய கார்கள் பெருகின. அவற்றின் உடலைக் கட்டியவர்களில் பலர் அதற்கு முன் குதிரை வண்டி கட்டிப் பழகியவர்கள். கதவுக்கும் கோச்சு வண்டியின் தாழையே வைத்தார்கள். வீட்டுப் பூட்டில் இருக்கிற மாதிரி ஒரு நாக்கு; எதிரே தூணில் அதற்கு ஒரு பள்ளம்; நாக்கு பள்ளத்தில் விழுந்தால் கதவு சாத்தியாயிற்று. எட்டு மைல் வேகத்தில் போகிற குதிரை வண்டிக்கு இது போதும். அறுபது மைல் வேகத்தில் போகிற காருக்கு?

அது மட்டுமல்ல. பல கார்களில் கீல் கதவின் பின்பக்கம் இருந்தது. 1953-ல் இத்தாலியில் வெளிவந்து நம் நாட்டிலும் ஓடிய பியட் 1100 காரின் முன்கதவுகள் அப்படித்தான். ஏறி இறங்க மிக வசதி. புடவை கசங்காது, வேஷ்டி மாட்டாது. ஆனால் ஓடும்போது கொண்டி நழுவினால், முன்பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவைக் காற்று பிடித்துக்கொள்ளும். விரியத் திறந்துவிடும். பிடித்து இழுக்கப் போகிறவரையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும். மேல்நாட்டில் இதற்குத் 'தற்கொலைக் கதவு' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகும் நெடுங்காலம் தயாரித்தார்கள் என்பது மனித சுபாவத்துக்கு ஓர் உதாரணம்.

இந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹியூ டி ஹேவன் என்ற அமெரிக்கர். 1917-ல் அவர் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, இரண்டு விமானங்கள் ஆகாயத்தில் மோதி விழுந்தன. அவர் பிழைத்தார், ஆனால் வயிற்றினுள் பலத்த காயம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கையில் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. "நான் எப்படிப் பிழைத்தேன்? பிழைத்த எனக்கு இந்தக் காயம் எதனால் வந்தது?" இடுப்பு வாரின் கொக்கிதான் வயிற்றைக் கிழித்தது என்று கண்டுபிடித்தார். விழுந்தவன் சாவது விதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இல்லை, எதன்மேல் மோதுகிறான் என்பதைப் பொறுத்தது என்று சொன்னவர் அவர். 1942-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, ஐம்பது அடி முதல் நூற்றைம்பது அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் உயிரோடு எழுந்தவர்களைப் பற்றியது.

பிறகு கார்னெல் சர்வகலாசாலையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி விமானத்திலிருந்து மோட்டாருக்கு வந்தது. போலீஸ்காரர்களும் டாக்டர்களும் நிரப்பி அனுப்பிய விபத்துப் படிவங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, அதுவரை ஜனங்கள் நம்பி வந்த ஒரு விஷயம் தலைகீழாயிற்று. விபத்தில் வண்டியை விட்டு வெளியே எறியப்படுவது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நம் ஊரிலும் "நல்ல வேளை, வெளியே தூக்கி எறிஞ்சுட்டுதாம், தப்பிச்சான்" என்று திண்ணையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணக்கு வேறு விதமாகச் சொல்லிற்று. வெளியே எறியப்பட்டவர்கள் இறக்கும் அபாயம், உள்ளேயே தங்கியவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அவர்கள் வெளியேறிய வழி பெரும்பாலும் கதவு.

ஏன் கதவு திறந்துகொண்டது? நாக்கும் பள்ளமும் கதவைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், நீளவாக்கில் பிடிக்காது. மோதலில் காரின் உடல் முறுக்கிக்கொள்கிறது. கதவுச் சட்டம் ஓர் அங்குலம் அகன்றால் போதும், நாக்கு பள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிடும். ஆகவே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் புதுவிதக் கொண்டி வேண்டும் என்று தெரிந்தது. 1956-ம் வருஷத்து மாடல்களில் போர்டு கம்பெனி அப்படிப்பட்ட கொண்டியை எல்லாக் கார்களுக்கும் வைத்தது. மற்றப் பெரிய கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமெரிக்க சர்க்கார் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு 1969-ல் ஐக்கிய நாடுகளின் விதி வந்தது.

அந்த அமெரிக்க விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொண்டி இரண்டு படியாகப் பிடிக்க வேண்டும் என்கிறது. முழுமையாகச் சாத்தியிருக்கும்போது, நீளவாக்கில் 2,500 பவுண்டு, அதாவது ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்க வேண்டும். பக்கவாட்டில் 2,000 பவுண்டு. அரைகுறையாகச் சாத்தியிருந்தாலும் 1,000 பவுண்டு தாங்க வேண்டும். 'கிளிக், கிளிக்' என்று கதவில் நாம் கேட்கிற இரண்டு சத்தங்கள் இந்த இரண்டு படிகள்தாம். "சரியாச் சாத்தல" என்று டிரைவர் சொல்கிறாரே, அந்த முதல் கிளிக்கோடு நின்றுபோன கதவுக்கும் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பிரயாணிகள் கவனமில்லாதவர்கள் என்பதை அறிந்து எழுதிய சட்டம் அது.

இது ஒரு வேலையின் கதை. மற்ற வேலையைப் பற்றி உலகம் இன்னும் தாமதமாகவே யோசித்தது.

1998-ம் வருஷம் கோடையில், அமெரிக்காவில் மூன்று வாரங்களுக்குள் மூன்று இடங்களில், காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் பதினொரு பேர் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். பெட்டியின் பூட்டு நல்ல பூட்டு. பழுது ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து திறக்க வழி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகே, 2001 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களில் பின்பெட்டியின் உள்ளே ஒரு விடுபிடி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இத்தனைக்கும் குளிர்ப்பெட்டியின் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அதே நாடு 1956-லேயே சட்டம் செய்திருந்தது. தூக்கி எறிந்த குளிர்ப்பெட்டிகளில் ஒளிந்துகொண்ட குழந்தைகள்தாம் அதற்கும் காரணம். சமையலறையில் கற்ற பாடம் மோட்டார்க் கொட்டகைக்கு வந்து சேர நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு அருகே, வீட்டுப் பக்கம் நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். பத்திரிகையில் அது ஒரு நாள் செய்தி. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் உஷ்ணம் பத்து டிகிரி ஏறிவிடும் என்பதை எத்தனை வீடுகளில் அறிந்திருக்கிறார்கள்? நிறுத்தி வைத்த பழைய கார், நம் தெருக்களில் குழந்தைகளுக்கு ஒரு பொம்மை வீடு. அதன் கதவு விறைத்திருந்தால் அது வேறு வகை வீடாகிவிடுகிறது.

கொண்டி நன்றாகத் தயாராகி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இருபது வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற பிறகு அது எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? இங்கேதான் பரீட்சை வருகிறது.

இயந்திரத்துக்குப் பரீட்சை வைக்கும் வழக்கம் மோட்டாருக்கு முந்தியது. 1865 ஜனவரியில் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் ஒரு மதுபானத் தொழிற்சாலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு வருஷமே கொதிகலன் வைத்திருந்த முதலாளிகள் கூடி, தங்கள் கொதிகலன்களைத் தாங்களே பரிசோதித்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்தார்கள். அந்த வழியில் வந்த சங்கங்கள்தாம் பிற்பாடு அந்த நாட்டில் மோட்டார்களையும் பரிசோதித்தன. 1951 முதல் அங்கே குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். 1961 முதல், தேறிய காரின் நம்பர்த் தகட்டில் ஒரு வட்ட முத்திரை ஒட்டுகிறார்கள். அடுத்த பரீட்சை எப்போது என்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஜப்பானும் 1951-லேயே சட்டம் செய்தது.

நம் அம்பாஸிடரின் தாய்நாடான இங்கிலாந்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1903-ம் வருஷத்துச் சட்டம் அங்கே காருக்கு நம்பர் கொடுத்தது. மணிக்கு இருபது மைல் என்று வேகத்துக்கு வரம்பு கட்டியது. வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, டாலர் சம்பாதிப்பதற்காகப் புதிய கார்களையெல்லாம் கப்பலேற்றினார்கள். உள்ளூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே, யுத்தத்துக்கு முன்னால் பிறந்த கிழட்டுக் கார்கள் ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. 1956-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1960 செப்டம்பரில் போக்குவரத்து மந்திரி எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் காலத்தில் பரீட்சை கட்டாயமாயிற்று. பத்து வயசுக்கு மேற்பட்ட கார்கள் வருஷந்தோறும் வர வேண்டும். பாடங்கள் மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். கதவு அந்தப் பட்டியலில் இல்லை.

பரீட்சை என்றால் பையன்களுக்கு மட்டுமா பிடிக்காது? அந்த மந்திரி கொண்டுவந்த மாறுதல்களில் எரிச்சல் அடைந்த கார்க்காரர்கள், 'மார்ப்பிள்ஸ் போக வேண்டும்' என்று பாலத்துச் சுவரில் எழுதினார்கள். ஆனால் தேறாத கார்களின் தொகையைப் பார்த்த சர்க்கார், வயசைப் பத்திலிருந்து ஏழாகக் குறைத்தது. 1967-ல் அது மூன்றாயிற்று. கார் மூன்று வயசிலேயே கெட்டுப்போக முடியும் என்பதை ஒப்புக்கொள்ள ஏழு வருஷ அனுபவம் தேவைப்பட்டது. பிறகு பாடங்களும் வளர்ந்தன. 1968-ல் டயர், 1977-ல் துருப்பிடித்த உடலும் சட்டமும், 1991-ல் புகை.

இன்று அந்தப் பரீட்சையின் கைப்புத்தகத்தில் கதவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. முன்கதவுகள் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்க வேண்டும். பின்கதவுகள் வெளியேயிருந்து திறக்க வேண்டும். சாத்தினால் சாத்தியபடி நிற்க வேண்டும். விறைத்துப் போய்த் திறக்காத கதவும் தோல்வி. தானாகத் திறந்துகொள்ளக் கூடிய கதவும் தோல்வி. இரண்டு வேலையும் இரண்டு வரிகளில் வந்துவிட்டன. பின்கதவு உள்ளேயிருந்து திறக்க வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை என்றால், அங்கே குழந்தைகள் ஓட்டத்தில் திறந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. பார்த்தீர்களா, முதல் வேலைக்காக இரண்டாவது வேலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் தராசு பிடித்து எழுதியிருக்கிறார்.

விறைத்த கதவை என்ன செய்வது? புதுப்பேட்டையில் பழைய கார்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு முதிய மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"பூட்டு பாவம், சார்" என்றார் அவர். "பத்துக்கு எட்டு வண்டியில பூட்டு கெட்டிருக்காது. கதவு இறங்கியிருக்கும்."

"அதை எப்படி ஐயா கண்டுபிடிக்கிறது?"

"பாதி திறந்து வெச்சுட்டு, நுனியைப் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. ஆடிச்சுன்னா கீல் ஆணி தேஞ்சிருக்கு. கதவு தொங்குது. கொண்டி ஒரு இடத்துல, முளை ஒரு இடத்துல. அப்புறம் எப்படிச் சேரும்? நீங்க அடிச்சு அடிச்சுச் சாத்துவீங்க. அடிக்க அடிக்க இன்னும் தேயும்."

அவர் சொன்னதில் பாதி இயந்திர சாஸ்திரம், பாதி குடும்ப சாஸ்திரம் என்று எனக்குத் தோன்றியது. பூட்டுக்குள் நிஜமாகவே கோளாறு என்றால் அது இரண்டு வகை என்று விளக்கினார். ஒன்று சாவித் துவாரம். உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணிய ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வந்து வழிவிடும். நாம் என்ன செய்கிறோம்? சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விடுகிறோம். அன்றைக்குப் பூட்டு சுகமாகத் திறக்கும். ஆறு மாதத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகித் தகடுகளை ஒட்டிவிடும். முதலில் பழைய பிசினைக் கரைத்துக் கழுவ வேண்டும். பிறகு கிராபைட் தூளை, பென்சில் முனையில் இருக்கிறதே அந்தக் கரித் தூளை, ஊத வேண்டும். எண்ணெயையும் தூளையும் கலக்கக் கூடாது, கலந்தால் களிம்பு. சாவியே தேய்ந்திருந்தால், தேய்ந்த சாவியைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டுவது வீண். தேய்மானத்துக்கும் சேர்த்துப் பிரதி எடுத்த மாதிரி ஆகும். காரோடு வந்த நம்பர் இருந்தால் அதைக் கொண்டு வெட்ட வேண்டும்.

இரண்டாவது, கதவின் ஓரத்தில் இருக்கும் கொண்டி. அதற்குக் கிரீஸ் போடலாம். போடுவதற்கு முன் பழைய கிரீஸைத் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறம் கதவின் அடிவிளிம்பில் சின்னத் துவாரங்கள் இருக்கும். ஜன்னல் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போகிற வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். கம்பிகள் துருப்பிடிக்கும். கைப்பிடிக்கும் கொண்டிக்கும் நடுவே உள்ள அந்தக் கம்பி ஒரு நாள் கழன்று விழும். அன்றைக்குக் கைப்பிடி சுற்றும், கதவு திறக்காது. ஈர்க்குச்சியால் குத்தி எடுக்க வேண்டிய சேறு, சில வருஷங்களில் கதவையே கழற்றும்படி செய்துவிடும்.

செலவில்லாத வேலைகள் இவை. ஆனால் ஒருவர் பார்க்கச் சொன்னால்தான் நாம் பார்ப்போம். அப்படிச் சொல்வதற்கு நம் நாட்டில் என்ன ஏற்பாடு?

1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் லாரி, பஸ், டாக்ஸிகளுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. 'எப்.ஸி. காட்டுவது' என்று தமிழில் ஒரு வினைச்சொல்லே அதனால் உண்டாயிற்று. எப்.ஸி.க்குப் போகிற லாரி, பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த வீடு மாதிரி புதுப் பெயிண்டு பூசிக்கொள்ளும். சொந்தக் கார் மட்டும் இந்தத் தொந்தரவிலிருந்து தப்பித்தது. 1989 ஜூலையில் அமலுக்கு வந்த 1988-ம் வருஷத்துச் சட்டம், சொந்தக் காரின் பதிவுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் வைத்தது. அதன் பிறகு கொண்டுபோய்க் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதிய கார் மூன்று வயசில் முதல் பரீட்சை எழுதி, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் எழுதுகிறது. நம் ஊர்க் கார் பதினைந்து வயசு வரையில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவதில்லை. பதினைந்து வயசில், திடீரென்று ஒரு நாள், இனி நீ வாழலாமா கூடாதா என்ற கேள்வியோடு அதை நிறுத்துகிறோம்.

அந்தக் கேள்விக்கும் பல இடங்களில் வயசையே விடையாகச் சொல்லிவிடுகிறோம். தில்லியில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வயசு டீஸல் வண்டிகளை ஓடக் கூடாதென்றது. அத்தகைய டீஸல் வண்டிகளோடு பதினைந்து வயசு பெட்ரோல் வண்டிகளுக்கும் சேர்த்து அந்தத் தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயசை மட்டும் வைத்துக் கடுமையான நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. அங்கே பிரச்னை காற்று, குழந்தைகளின் நுரையீரல், அதை லேசாகப் பேசுவதற்கில்லை. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கிய பதினாறு வயசுக் காரும், ஒரு நாளும் எவரும் குனிந்து பார்க்காத ஆறு வயசுக் காரும் தெருவில் வந்தால், எதன் முன்னால் நாம் பயப்பட வேண்டும்?

இங்கிலாந்து இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கிழட்டுக் கார்களுக்காக ஆரம்பித்த பரீட்சையிலிருந்து, 2012 நவம்பரில் 1960-க்கு முன் பிறந்த கார்களுக்கு விலக்கு அளித்தார்கள். 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயசுக் கார்களுக்கெல்லாம் விலக்கு. காரணம் என்ன? அந்தக் கார்கள் குறைவாக ஓடுகின்றன. சொந்தக்காரர்கள் அவற்றைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். கெட்ட நிலையில் ஓட்டினால் குற்றம்தான். பரீட்சை மட்டும் இல்லை. அறுபது வருஷம் பார்த்த பிறகு அந்தச் சர்க்கார் கண்டது, ஆபத்து வயசில் இல்லை, அலட்சியத்தில் இருக்கிறது என்பதுதான். நம் நாடும் 2021-ல் ஐம்பது வயசு கடந்த கார்களுக்குத் தனிப் பதிவு ஏற்படுத்தியது. அதே வருஷம், மனிதர் கைக்கு வேலையில்லாமல் யந்திரமே பரிசோதிக்கும் நிலையங்களுக்கும் விதிகள் வந்தன. நல்ல ஆரம்பம். யந்திரம் பிரேக்கை அளக்கும், புகையை அளக்கும். கதவை உள்ளேயிருந்து திறந்து பார்க்க ஒரு மனிதன் உட்கார வேண்டும். அதையும் மறக்காமல் இருந்தால் சரி.

புதிய கார் வாங்கிவிட்டோம், பழைய பூட்டின் புராணம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு பிரபலமான மின்சாரக் காரின் 2021-ம் வருஷத்து மாடலைப் பற்றி விசாரணை தொடங்கியது. அதன் வெளிக் கைப்பிடி மின்சாரத்தால் வேலை செய்வது. சின்ன பேட்டரியில் சக்தி குறைந்தபோது கைப்பிடி அசையவில்லை. உள்ளே குழந்தை, வெளியே பெற்றோர். சிலர் கண்ணாடியை உடைக்க வேண்டி வந்ததாம். அம்பாஸிடரில் தோளால் தள்ளிய மாமாவுக்கு இங்கே வேலை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், கதை அதே கதை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, காபி சாப்பிட்ட பிறகு, உங்கள் காரின் நாலு கதவுகளையும் ஒருமுறை சாத்திப் பாருங்கள். இரண்டு கிளிக்கும் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு கதவையும் வெளியேயிருந்து திறந்து பாருங்கள். அதன் பிறகு உள்ளே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து திறந்து பாருங்கள். வீட்டில் ஐந்து வயசுக் குழந்தை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பிடியை எப்படி இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். அந்தப் பிஞ்சுக் கைக்கு அந்தக் கதவு திறக்கவில்லையென்றால், மறு நாளே பட்டறைக்குப் போங்கள். திரும்பி வந்ததும் மறுபடியும் அந்தக் குழந்தையை விட்டே திறக்கச் சொல்லுங்கள். அது தேறினால் கார் தேறியது.